நூலகத்தில் இயற்கை வாசிப்பு வட்டம்: முதல் கூட்டத்தை நடத்துவது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் முதல் கூட்டத்தைக் கூட்டியபோது, முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றைப் படித்து வரச் சொல்லியிருந்தேன். வந்தவர்கள் ஒன்பது பேர். படித்திருந்தவர்கள் இருவர், அதில் ஒருவன் நான். அந்த அசட்டுத்தனத்தில் கற்றவை இவை.

1. நேரம் குறியுங்கள்

நூலகரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மதியம் இரண்டரைக்குத் தொடங்கி நான்குக்குள் முடித்துவிடுங்கள். மூடுபனி இறங்கிய பிறகு பஸ்ஸுக்குக் காத்திருப்பது கொடுமை. கூடலூருக்கு ஆடி மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி மழை. உங்கள் ஊர் மழையைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்.

2. ஒரு பக்கத்துக்குள் அடங்குவதை எடுங்கள்

படித்து வரச் சொல்லவே வேண்டாம், அங்கேயே படிக்கலாம். நாங்கள் இரண்டாம் முறை எடுத்தது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு. நான்கே அடிகள். அதன் கடைசி இரண்டு:

“கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.”

ஆளுக்கு ஒரு நகல் கொடுத்து, இருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். உரை சொல்ல ஆசைப்படும் தமிழாசிரியர் யாராவது இருந்தால், கடைசியில் பேசுமாறு அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

“பிடித்திருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். எழுதியவர் எதைக் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். குறிஞ்சி என்றதும் எல்லோரும் நீலத்தைச் சொல்கிறோம். இந்தப் புலவர் கரிய கோலை, அதாவது தண்டை, ஏன் சொன்னார்?

நான் ஒரு விடை வைத்திருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் அக்கா ஒருவர் அதைச் சொல்லவே விடவில்லை. “பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதானே பூக்கிறது? மற்ற நாளெல்லாம் நாம் பார்ப்பது கோலைத்தான், தம்பி.” நான் பார்த்த எந்த உரையிலும் இது இல்லை. என் விடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

4. பெயர்ச் சண்டையை நிறுத்தாதீர்கள்

தேயிலைத் தோட்டத்துக்குள் வருவது காட்டெருமையா, காட்டுமாடா? ஓய்வுபெற்ற வனக்காவலர், “அது மாட்டினம் ஐயா, எருமை தோடர்கள் வளர்ப்பது” என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர், “நாற்பது வருடமாகக் காட்டெருமை என்றுதான் சொல்கிறேன், ஒரு நாளும் அது மறுத்ததில்லை” என்றார். அரை மணி நேரம் போயிற்று. போகட்டும். வனக்காவலர் சொன்னதே சரி. ஆனால் இயற்கை எழுத்தின் பாதி வேலை இந்த வழக்கில்தான் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தமிழில், படுகர் மொழியில், தோடர் மொழியில் என்ன சொல்கிறார்கள் என்று பத்தி பிரித்து எழுதி வாருங்கள்.

5. அடுத்த கூட்டத்துக்கு வேலை கொடுங்கள்

வீட்டு வாசலில் பத்து நிமிடம் உட்கார்ந்து, கண்டதையும் கேட்டதையும் ஐந்து வரியில் எழுதி வரட்டும். “அழகான” என்ற சொல்லுக்கு மட்டும் தடை. கூடவே இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரை ஒன்றை நகலெடுத்துக் கொடுக்கலாம்.

எங்களுக்கு வந்த ஐந்து வரிக் குறிப்புகளில் மூன்று, விடியும் முன் சீழ்க்கை அடிக்கும் சீகாரப் பூங்குருவி பற்றியவை. நான்காவது பக்கத்து வீட்டுக் குக்கரைப் பற்றியது, அதையும் படித்தோம்.