ஹெலிக்ஸ் வலப்பக்கம் தாவினால்: ஃபை, சை கோணங்களைக் கையால் கணக்கிடுதல்

புரதச் சங்கிலி ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைச் சொல்பவை ஃபை, சை கோணங்கள். உயிரியல் தரவுகளுக்கான பைத்தான் நூலகமான பயோபைத்தான் இவற்றை ஒரே வரியில் தந்துவிடும். ஆனாலும் ஒருமுறையாவது நீங்களே எழுதிப் பாருங்கள். இல்லாவிட்டால், நீங்கள் கட்டிய மாதிரியில் ஓர் அமினோ அமிலம், ஃபையைக் கிடையாகவும் சையை நெடுக்காகவும் குறிக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தில், புள்ளி வரக்கூடாத வெற்றிடத்தில் விழும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். (சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்து 1963இல் அச்சேறிய அந்த வரைபடம்தான் இன்றும் முதல் சோதனை.)

புரதத் தரவு வங்கியிலிருந்து 1யூபிக்யூ (1UBQ) என்ற கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். யுபிக்விட்டின், 76 அமினோ அமிலங்கள். பழகுவதற்கு இதைவிடச் சாதுவான புரதம் கிடைக்காது.

ஒவ்வொன்றிலும் நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்போனைல் கார்பன் மூன்றை மட்டும் எடுங்கள். ஃபைக்கு, முந்தையதன் கார்போனைல் கார்பனை இவற்றின் முன்னால் சேருங்கள். சைக்கு, அடுத்ததன் நைட்ரஜனைப் பின்னால் சேருங்கள். முதலாவதற்கு ஃபை கிடையாது, கடைசிக்குச் சை கிடையாது.

இனி நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம். யுபிக்விட்டினில் 23 முதல் 34 வரையுள்ள அமினோ அமிலங்கள் ஆல்ஃபா ஹெலிக்ஸ், அதாவது சுருள். அவற்றின் புள்ளிகள் வரைபடத்தில் ஃபை −60, சை −45 பாகை அருகே குவிய வேண்டும். எனக்கோ +60, +45இல் குவிந்தன. புரதத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் எல்லாமே தலைகீழ். அணுக்களின் வரிசையைச் சந்தேகித்து நான்கையும் பின்னிருந்து முன்னாகப் போட்டேன்; விடை அசையவில்லை. அசையவும் அசையாது, முறுக்குக் கோணத்தின் இயல்பே அதுதான். நான்கு அணுக்களை வரிசையாக இணைக்கும் மூன்று வெக்டர்களில், குற்றவாளி நடு வெக்டர். ஃபைக்கு ஆல்ஃபா கார்பனிலிருந்து நைட்ரஜனைக் கழிப்பதற்குப் பதில், நைட்ரஜனிலிருந்து ஆல்ஃபா கார்பனைக் கழித்திருந்தேன். அது ஒன்று திரும்பினால் குறி மாறிவிடும். மூன்று வெக்டர்களிலும் எப்போதும் பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள்.

வெக்டர்களிலிருந்து கோணத்தை எடுக்க ஆர்க்கோசைன் பக்கம் போகவே வேண்டாம், அது குறியை விழுங்கிவிடும், ஆர்க்டேன்2 (atan2) மட்டுமே. புரதங்களைத் திரையில் காட்டும் பைமால் மென்பொருளில் நான்கு அணுக்களைத் தொட்டு ஒரு கோணத்தையாவது ஒப்பிட்டுவிடுங்கள்.

திருத்திய பிறகும் சில புள்ளிகள் வலப்பக்கம் நின்றால் பதற வேண்டாம். பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு அங்கே இடமுண்டு.

பின்சேர்க்கை: பயோபைத்தானில் ஃபை −1 என்று வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது ரேடியன், பாகையாக்கினால் −57. இன்னொருவரின் கோப்பில் நடுவே சில அமினோ அமிலங்களே இல்லை. நிரல் இடைவெளியைத் தாண்டிக் கோணம் போட்டிருக்கிறது. கார்போனைல் கார்பனுக்கும் அடுத்த நைட்ரஜனுக்கும் இடையே சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். 1.8ஐத் தாண்டினால் சங்கிலி அறுந்திருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.