பழைய சவரன், மொகர், வராகன்: தங்க விலைக்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம்?

நகைக்கடையில் பழைய பிரிட்டிஷ் தங்க நாணயமான சவரன் காசை நீட்டினால் உருக்கு விலைதான், அதாவது அதிலுள்ள தங்கத்தின் விலைதான், சொல்வார்கள். அதுதான் அடிமட்ட விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கவும், நாணயம் அசல்தானா என்று தெரிய வேண்டும். தங்கம் அசலாக இருந்தால் மட்டும் போதாது. மத்திய கிழக்கில் 1950-களில் சரியான தங்கத்திலேயே போலிச் சவரன்கள் அடிக்கப்பட்டன. தங்கத்தின் தரத்தை மட்டும் அளக்கும் காரட்மீட்டர் அவற்றைக் கண்டுபிடிக்காது.

0.01 கிராம் காட்டும் தராசு, வெர்னியர் காலிபர், பத்து மடங்கு லென்ஸ் மூன்றும் தேவை. சவரன் 7.99 கிராம், 22 காரட், விட்டம் 22.05 மி.மீ. தேய்ந்த காசு 7.94 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் ஓரம் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1918-இல் பம்பாயில் அடித்த 15 ரூபாய்க் காசுக்கும் இதே எடை. கிழக்கிந்தியக் கம்பெனி 1835 முதல் அடித்த மொகர் என்ற தங்கக் காசு 11.66 கிராம். சென்னையின் நட்சத்திர வராகன் சுமார் 3.4 கிராம், அதன் தரம் 22 காரட்டுக்குக் குறைவு.

அடுத்தது அடர்த்தி. டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். சவரனுக்குத் தராசு 0.45 அல்லது 0.46 காட்டும். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் 17.5-ஐ ஒட்டி வர வேண்டும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தராசு காட்டும் எண் கூடிவிடும், நல்ல காசே போலி போலத் தெரியும். குமிழியைத் தட்டிவிட்டு மூன்று முறை அளந்து பாருங்கள்.

பிறகு லென்ஸ். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பது, பரப்பில் நுண்குழிகள், ஓரத்தில் பொருத்துக்கோடு இவை அச்சில் அடிக்காமல் வார்த்துச் செய்த போலியின் அடையாளங்கள். காசுமாலையிலிருந்து வந்த காசுகளில் வளையம் பற்றவைத்த தடத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் உச்சியில் இருக்கும். எவ்வளவு நன்றாக ராவி மறைத்திருந்தாலும் சேகரிப்பாளர் விலை விழுந்துவிடும். உருக்கு விலையை ஒட்டியே கேளுங்கள்.

பல சவரன்களில் பின்புறத்துக் குதிரை வீரனுக்குக் கீழே, ஆண்டுக்கு மேலுள்ள தரைக்கோட்டில் அக்கசாலைக் குறி, அதாவது காசு அடித்த இடத்தின் குறி, இருக்கும்: எம் மெல்போர்ன், பி பெர்த், எஸ் சிட்னி, ஐ பம்பாய். பம்பாயில் சவரன் அடித்தது 1918-இல் மட்டுமே. விக்டோரியா மொகரில் கண்ணாடிப் பளபளப்பு இருந்தால் மயங்காதீர்கள். சேகரிப்பாளர்களுக்காக அக்கசாலையே பின்னாளில் மறு அச்சுகள் அடித்துக் கொடுத்திருக்கிறது. அவற்றின் விலை வேறு.

விலைக்கு வருவோம். சவரனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம், மொகரில் 10.69. அன்றைய 24 காரட் விலையால் பெருக்குங்கள். சாதாரண ஆண்டின் தேய்ந்த சவரனுக்கு அதற்கு மேல் அதிகம் கொடுக்க ஒன்றுமில்லை. மொகர், 15 ரூபாய்க் காசு, பம்பாய்ச் சவரன் போன்றவற்றுக்கு, அதே ஆண்டு, அதே நிலையிலுள்ள காசு ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலை ஆசை விலை.

காசைத் தேய்க்கவே கூடாது. பூந்திக்கொட்டையும் பிரஷ்ஷும் நகைக்குச் சரி, காசுக்கு மயிரிழைக் கீறல்களைத்தான் தரும். பிவிசி உறைகளையும் தவிருங்கள், பச்சைப் பிசுபிசுப்பு படியும்.

நூறாண்டு தாண்டிய நாணயங்களை இந்தியாவிலிருந்து தனியார் வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. மண்ணில் கிடைத்த காசு 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ‘தோண்டும்போது கிடைத்தது’ என்று சொல்லி விற்க வருபவரிடம் வாங்காதீர்கள்.