வரைபடத்தில் இல்லாத ஊர்களை வரைதல்: வீட்டிலிருந்து பங்கேற்க ஒரு வழிகாட்டி

2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியை நிலநடுக்கம் தாக்கியபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்சின் விரிவான தெரு வரைபடம் இணையத்தில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் இல்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, தெருக்களையும் கட்டடங்களையும், எவரும் திருத்தவும் பயன்படுத்தவும் கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தனர். மீட்புக் குழுக்கள் அதையே தம் கருவிகளில் ஏற்றிக்கொண்டன. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக அதே ஆண்டில் மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு முறையான அமைப்பாகப் பதிவு பெற்றது. பேரிடர் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், அக்குழுவும் அமெரிக்க, பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2014இல் 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தைத் தொடங்கின. இத்தகைய பணியில் புதிதாகச் சேர விரும்புவோர் எங்கே தொடங்கி எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

வேண்டியவை மிகச் சில: ஒரு கணினி, இணைய இணைப்பு, சுட்டி. தொடுபலகையிலும் வரையலாம் என்றாலும் அரை மணி நேரத்தில் விரல் சலித்துவிடும். கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் 'மேப்ஸ்வைப்' செயலியில், படத்தில் கட்டடம் தென்படுகிறதா இல்லையா என்று குறிக்கும் பூர்வாங்கப் பணியைச் செய்யலாம். கணினியில் பணியாற்றுவோர் முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கட்டணமின்றிக் கணக்கு தொடங்க வேண்டும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பயனர் பெயருடன் எல்லோருக்கும் தெரியுமாதலால், சொந்தப் பெயரை வெளியிட விரும்பாதவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வது நல்லது. அதே கணக்கைக் கொண்டு மனிதநேயக் குழுவின் 'டாஸ்கிங் மேனேஜர்' தளத்தில் நுழைந்தால், வரைய வேண்டிய பகுதிகள் திட்டம் திட்டமாகப் பட்டியலிடப்பட்டிருக்கும்.

தொடக்கநிலையினருக்கானது என்று குறிக்கப்பட்ட திட்டத்தையே முதலில் தேர்ந்தெடுங்கள். அதன் விளக்கத்தையும் வழிமுறைகளையும் முழுமையாகப் படிக்காமல் வரையத் தொடங்க வேண்டாம். கட்டடங்களை மட்டும் வரைவதா, சாலைகளையும் சேர்ப்பதா, எந்தச் செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியாகக் கொள்வது என்பவை திட்டத்துக்குத் திட்டம் மாறும். வரைபடம் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். தான்சானியாவின் செரங்கெட்டி மாவட்டத்தில், பிறப்புறுப்புச் சிதைப்புச் சடங்குக்கு அஞ்சித் தப்பியோடும் சிறுமிகளுக்குப் புகலிடங்கள் உள்ளன. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அச்சடங்கைச் செய்வது 1998 முதல் அந்நாட்டில் குற்றம். எனினும் அது முற்றிலும் ஒழியவில்லை. இரவில் ஒரு சிற்றூரிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வந்தால், அவ்வூர் எங்கிருக்கிறது, அங்கே போகும் வழி எது என்று அறிய வரைபடம் வேண்டும். 2015இல் தொடங்கிய 'கிரவுட்டுமேப் தான்சானியா' என்ற தன்னார்வ முயற்சி இத்தேவைக்காகவும் அப்பகுதிகளை வரைந்து வருகிறது. இதை அறிந்தவருக்கு, ஒரு ஒற்றையடிப் பாதையை வரையாமல் விடுவதற்கு மனம் வராது.

திட்டப் பகுதி சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அது உங்கள் பெயரில் பூட்டப்படும். வேறொருவர் அதே இடத்தில் வரைந்து குழப்பம் நேராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரண்டு மணி நேரத்தில் பூட்டு தானாக நீங்கிவிடும். எனவே அவ்வப்போது சேமித்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தை வரைய, பரப்பு என்ற கருவியைத் தேர்ந்து நான்கு மூலைகளையும் சொடுக்கி, பில்டிங் என்ற குறிச்சொல்லை இட்டு, 'க்யூ' விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும். வட்டமான குடிசைக்கு 'ஓ' விசை. கருவி இவ்வளவு எளிது. பார்வைதான் பழக நாளாகும். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் கூரை ஒரு புறமாக விலகித் தெரியும். அப்போது கூரையின் வடிவத்தை வரைந்து, அதைச் சுவர் தரையைத் தொடும் இடத்துக்கு நகர்த்த வேண்டும். வட்டக் குடிசையையும் மரத்தையும் பிரித்தறிய விளிம்பையும் நிழலையும் பாருங்கள்: குடிசையின் விளிம்பு சீராக இருக்கும், மரத்தின் விளிம்பு கலைந்திருக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் பல குடிசைகளைச் சுற்றி முள்வேலி வளையமாக இருக்கும். மாடு அடைக்கும் பட்டியும் அதற்குள்ளேயே இருக்கலாம். புதியவர்கள் அந்த வளையம் முழுவதையும் ஒரே கட்டடமாக வரைந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குடிசையும் தனித்தனியாக வரையப்பட்டால்தான், தடுப்பூசிக் குழுவினர் அவ்வூரில் ஏறக்குறைய எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கிட முடியும்.

முன்பே வரையப்பட்ட கட்டடங்கள் எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு விலகித் தெரிந்தால், பெரும்பாலும் இடம் மாறியிருப்பது பின்னணிப் படமே. கட்டடங்களை இழுக்காமல், படத்தை நகர்த்திப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சாலைகளில் பெரிய தவறு, மண்சாலை என்றாலே வண்டிப்பாதை என்று குறித்துவிடுவது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இரு நகரங்களை இணைக்கும் முதன்மைச் சாலையே மண்சாலையாக இருக்கும். ஆகவே சாலையின் வகையை அதன் மேற்பரப்பைக் கொண்டு முடிவு செய்யாமல், அது எவற்றை இணைக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். இரு சாலைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவான புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் தொட்டுக்கொண்டிருப்பது போல் தெரிந்தாலும், பொதுப் புள்ளி இல்லாவிட்டால் வழிகாட்டும் செயலி அங்கே பாதை இல்லை என்றே கொள்ளும். வறண்ட ஆற்றுப்படுகை சாலையைப் போலவே வெளிறித் தெரியும். ஆனால் அதன் அகலம் இடத்துக்கு இடம் மாறும், சிறு ஓடைகள் வந்து சேரும்.

ஓர் எல்லையைத் தாண்டவே கூடாது: கூகுள் வரைபடம் போன்ற பதிப்புரிமை கொண்ட மூலங்களிலிருந்து பெயரையோ கோட்டையோ பார்த்து எழுதக் கூடாது. அப்படிச் சேர்ந்தவை உரிமச் சிக்கலால் பின்னர் நீக்கப்படும். நீளமான கூரையைக் கண்டதும் பள்ளிக்கூடம் என்று ஊகித்து எழுதுவதும் தவறு. அது கிடங்காகவும் இருக்கலாம். மேலிருந்து தெரியாதவற்றை அங்கே வாழ்பவர்களே சொல்ல வேண்டும். 2009இல் நைரோபியின் கிபெரா குடியிருப்பில் அவ்வூர் இளைஞர்கள்தாம் ஜிபிஎஸ் கருவிகளுடன் நடந்து, தண்ணீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் மருந்தகங்களையும் பதிவு செய்தனர். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 2015இல் தொடங்கிய 'ரமானி ஹுரியா' திட்டத்தில், வெள்ளம் புகும் பகுதிகளின் வடிகால்களைப் பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து வரைந்தனர். தொலைவிலிருந்து வரைபவர் இடுவது அடிப்படைக் கோடுகளை மட்டுமே. என் பார்வையில், உள்ளூர்க் குழு எதுவும் இல்லாத திட்டத்தைவிட, அது இருக்கும் திட்டத்துக்கே நம் நேரத்தைத் தருவது மேல்.

கட்டம் முடிந்ததும், முழுமையாக வரைந்தாயிற்றா என்று தளம் கேட்கும். ஐயம் இருந்தால் இல்லை என்று பதிலளித்து, எதை விட்டிருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடர்வார். பின்னர் அனுபவமுள்ள ஒருவர் கட்டத்தைச் சரிபார்ப்பார். திருத்தம் வேண்டி அவர் அதைத் திருப்பி அனுப்பினால், அடுத்த கட்டத்தை எடுக்கும் முன் அவருடைய குறிப்பைப் படித்துத் திருத்துங்கள்.

கல்லூரியில் குழுவாக வரைய ஏற்பாடு செய்பவர்கள், யார் அதிகக் கட்டடம் வரைந்தார் என்ற போட்டியைத் தவிர்ப்பது நலம். அப்படி விரைந்து வரையப்படும் கோணல் கட்டடங்களைச் சரிசெய்ய, வரைந்ததைவிட அதிக நேரம் செலவாகும். பேரிடர்ச் செய்தி கேட்ட அன்று முதன்முதலாகப் பழகுவதும் உகந்ததல்ல. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வரைய வந்தனர். ஆனால் காத்மாண்டுவின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் உள்ளூர்த் தன்னார்வலர்களால் அதற்கு முன்பே வரையப்பட்டிருந்தன. அவசரமற்ற நாள்களில், ஒரே நாட்டின் ஒரே வட்டாரத்தில் தொடர்ந்து வரைந்து வாருங்கள். அந்த நிலத்தின் கூரைகளும் பாதைகளும் கண்ணுக்குப் பழகிய பிறகு, மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கும் பயிற்சியில் சேரலாம்.