சைக்கிளில் கைப்பேசி: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அதற்காகப் பயிற்சிக்கு வரும் புதியவர்களை ஞாயிறு காலைகளில் அழைத்துப் போகிறேன். நாங்கள் அந்த வயதில் செய்த அதே அபத்தங்கள், இப்போது கைப்பேசியோடு. ஹெல்மெட், விளக்கு பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, தெரியாதவர் யாருமில்லை.

“அங்கிள், நான் என்ன காரா ஓட்டுகிறேன்?”

ஒரு கையால் குறுஞ்செய்தி படித்துக்கொண்டே வந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பையன் கேட்டது. “மோதினாலும் யாருக்கு என்ன ஆகும்?”

பாதி உண்மை என்பதால்தான் எரிச்சல். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,200 கிலோ காரின் இயக்க ஆற்றல், 25-இல் வரும் சைக்கிளையும் ஆளையும் போல ஏறக்குறைய 80 மடங்கு. ஊருக்குப் பெரிய ஆபத்து, கைப்பேசி பார்க்கும் கார்க்காரர்தான், மறுக்கவில்லை.

ஆனால் கண்ணை எடுத்தாலும் கார் நான்கு சக்கரத்தில் நிற்கும். சைக்கிளை விழாமல் வைத்திருப்பது ஓயாமல் நடக்கும் சின்னச் சின்னத் திருப்பங்கள்தாம். 25 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி குனிந்தால் 14 மீட்டர் போய்விடும். நாம் போவது சாலையின் இடது ஓரம். மினிபஸ் டாக்சி ஆள் ஏற்றத் திடீரென ஒதுங்குவதும் அதே ஓரம்தான். ஒரு கைக்கு ஒரு பிரேக்தான் எட்டும். அது முன்பிரேக்காக இருந்து இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். பின்பிரேக் மட்டும் என்றால் நிற்க இன்னும் நீண்ட தூரம் வேண்டும்.

ஒரு கையாவது ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும் என்கிறது இந்நாட்டுச் சட்டம். பையன் அதையும் சொன்னான்! அந்த ஒரு விதிக்குப் போதும், எனக்குப் போதாது.

அடுத்த வாரமே முன்னால் ஒரு டாக்சி நின்றது. பையன் கடைசி நொடியில் பார்த்து வலப்பக்கம் ஒடித்தான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் வந்த பெண் விழுந்து, தோளில் காறை எலும்பு முறிந்தது. யாருக்கு என்ன ஆகும் என்று அதன்பின் அவன் கேட்கவில்லை.

இரண்டு காதிலும் பாட்டு

காரில் கண்ணாடிகள் இருக்கின்றன. நமக்குப் பின்னால் வருவதைச் சொல்வது காதுதான். இயர்போனைக் கழற்றுங்கள்.

வேகம் காட்டும் கருவி

மேட்டில் பாருங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பார்த்தால் குழுவிலிருந்து அனுப்பிவிடுவேன்.

ஓட்டிக்கொண்டே படம் எடுப்பது

நின்று எடுங்கள். கடல் எங்கும் போய்விடாது.