குடும்பத்தோடு சென்னை: யாருக்கு எந்த டிக்கெட் எடுப்பது?

நாகர்கோவிலில் இருந்தோ குழித்துறையில் இருந்தோ ஆறு பேர் சென்னைக்குக் கிளம்பினால், ஆறு பேரையும் ஒரே கணக்கில் போட்டு டிக்கெட் எடுப்பதுதான் வழக்கம். அங்கேதான் காசும் போகிறது, வசதியும் போகிறது. நான்கு வயதுப் பையனுக்கு ரயிலில் டிக்கெட் வேண்டாம், அரசுப் பேருந்திலும் வேண்டாம். ஆனால் மெட்ரோவில் அவனுக்குப் பெரும்பாலும் முழு டிக்கெட். சாதாரணக் கட்டணத்தில் ஓடும் வெள்ளை போர்டு பஸ்ஸில் பாட்டி காசு கொடுக்க வேண்டியதில்லை, தாத்தா கொடுக்க வேண்டும். வண்டி மாறும்போதெல்லாம் ஆட்களை மறுபடி எண்ணிப் பார்த்தால் போதும், டிக்கெட் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 68 வயது, பாட்டிக்கு 63, அப்பாவுக்கு 38, அம்மாவுக்கு 34, மகளுக்கு 9, மகனுக்கு 4.

படி 1: போகும் தேதியும் திரும்பும் தேதியும்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். பயண நாள் அந்த 60-இல் சேராது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25, டிசம்பர் 28-இல் திரும்ப அக்டோபர் 29. இரண்டையும் காலண்டரில் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். போக டிக்கெட் எடுத்துவிட்டுத் திரும்புவதை மறந்து, கடைசியில் தட்கலுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் சென்னையில் இருந்து ஊருக்கு வரும் வண்டிகள் நிரம்பி வழியும். புத்தாண்டு முடிந்ததும் இங்கிருந்து போகும் வண்டிகள் நிரம்பும். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போய், புத்தாண்டுக்கு முன்பே திரும்பினால் இடம் கிடைக்க வாய்ப்பு கூடுதல்.

படி 2: ரயில் டிக்கெட்டை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு டிக்கெட்டில் 6 பேர் வரை போடலாம் என்பதற்காக எல்லாரையும் ஒன்றாகப் போட வேண்டாம். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா இருக்கிறது. அந்த டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது செல்லும். தாத்தாவையும் பாட்டியையும் மகன், மருமகள், பேத்தியோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் கோட்டா கைவிட்டுப் போகும், தாத்தாவுக்கு அப்பர் பெர்த் வந்தாலும் கேட்க முடியாது. 700 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி முழுக்க ஓடும் பயணம் இது. முழங்கால் வலி உள்ளவரை ஏணியில் ஏற்றி இறக்குவது சின்னத் தொல்லை இல்லை.

செய்யும் வரிசை இப்படி:

1. ஐஆர்சிடிசியில் கோட்டா பட்டியலைத் திறந்து, மூத்த குடிமக்கள் லோயர் பெர்த் கோட்டாவைத் தேர்ந்தெடுங்கள். தாத்தா, பாட்டி இரண்டு பேர் மட்டும். டிக்கெட் கிடைத்ததும் பெட்டி எண்ணைப் பாருங்கள். எஸ்5 என்று வைத்துக்கொள்வோம்.
2. உடனே பொதுக் கோட்டாவில் அப்பா, அம்மா, மகளுக்கு எடுங்கள். விருப்பப் பெட்டி கேட்கும் கட்டத்தில் எஸ்5 என்று நிரப்புங்கள். அதில் இடம் இருந்தால் ஒரே பெட்டி அமையும். நேரம் தள்ளிப் போகப் போக அந்த வாய்ப்பு குறையும்.
3. மகனை ‘பெர்த் இல்லாத குழந்தை’ என்ற இடத்தில் பெயர், வயதோடு சேருங்கள். 5 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை.
4. இரண்டு டிக்கெட்டிலும் தானியங்கி வகுப்பு உயர்வுக்கான டிக் குறியை நீக்கிவிடுங்கள். ஏசிக்கு மாறினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே லோயர் பெர்த் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை, குடும்பமும் பிரிந்துவிடலாம்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தாத்தா, பாட்டி டிக்கெட்டுக்கு முழுக் கட்டணம்தான். கோட்டா லோயர் பெர்த் கிடைக்க மட்டும்தான் உதவும். அசல் அடையாள அட்டையை எடுத்துப் போக வேண்டும், வயதுக்கும் அதுதான் ஆதாரம்.

9 வயது மகளுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?

5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016-இல் வந்த விதி இது. பாதிக் கட்டணத்தில் எடுத்தால் பெர்த் எண் வரும் இடத்தில் ‘என்ஓஎஸ்பி’ என்று இருக்கும். இடம் ஒதுக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். டிக்கெட்டில் தவறு என்று பயந்து ரத்து செய்துவிடாதீர்கள்.

நம் கருத்து: இந்தக் குடும்பத்தில் மகளுக்குப் பெர்த் எடுத்துவிடுவது நல்லது. மகன் ஏற்கனவே அம்மாவின் பெர்த்தில்தான் படுக்கப் போகிறான். ஒன்பது வயதுப் பிள்ளையும் அப்பாவின் பெர்த்தில் படுத்தால் திருநெல்வேலி தாண்டும் முன்பே அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஒரே பிள்ளை, ஏழு வயதுக்குள், ஒல்லியான உடம்பு என்றால் அரை டிக்கெட் போதும்.

வந்தே பாரத்தில் இந்தக் கேள்வியே எழாது. அது நாற்காலி வண்டி. 5 வயது ஆனால் முழுக் கட்டணம், இருக்கை உண்டு. அதில் பார்க்க வேண்டியது நேரம். நாகர்கோவிலில் மதியத்துக்கு மேல் கிளம்பி எழும்பூர் சேரும்போது இரவு 11 மணி ஆகிவிடும். மெட்ரோவும் ஏறத்தாழ 11 மணியோடு நின்றுவிடும். பெட்டி, படுக்கை, தூங்கும் பிள்ளைகளோடு அந்த நேரத்தில் இரண்டு ஆட்டோவோ ஒரு பெரிய வாடகைக் காரோ பேச வேண்டும். அந்தச் செலவையும் டிக்கெட்டோடு கூட்டிப் பாருங்கள். முதல் முறை போகிறவர்களுக்குக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி போல ராத்திரி ஏறிக் காலையில் இறங்கும் வண்டிதான் ஏற்றது. குழித்துறை, இரணியல் பக்கத்தவர்களுக்கு அனந்தபுரி வீட்டுப் பக்கத்திலேயே நிற்கும்.

தட்கல் என்றால் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் 4 பேர்தான் போட முடியும், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்கவும் முடியாது. ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள்.

படி 3: எதுவரை டிக்கெட்?

தங்குமிடம் தாம்பரம் பக்கம் என்றாலும் எழும்பூர் வரை டிக்கெட் எடுப்பதே நல்லது. எழும்பூர் டிக்கெட்டோடு தாம்பரத்தில் இறங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தாம்பரம் டிக்கெட்டோடு எழும்பூர் வரை போனால் டிக்கெட் இல்லாத பயணம் ஆகிவிடும்.

நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் இருந்து அரசு விரைவுப் பேருந்தில் போகிறவர்கள் இறங்குவது கிளாம்பாக்கத்தில். 2023 டிசம்பர் 30-இல் திறந்த அந்த நிலையம் வண்டலூரை ஒட்டி இருக்கிறது, நகரத்துக்குள் போக இன்னும் நிறைய தூரம் உண்டு. கோயம்பேட்டில் இறங்குவதாக நினைத்து அங்கே அறை போட்டுவிடாதீர்கள். கிளாம்பாக்கத்தில் இருந்து மாநகரப் பேருந்தைப் பிடித்து உள்ளே போக வேண்டும்.

படி 4: நகரத்துக்குள் நான்கு வண்டி, நான்கு கணக்கு

முதலில் வெள்ளை போர்டு பஸ். நம்ம ஊர் டவுன் பஸ் போலவே, சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். எந்த மாவட்டத்துக்காரர் என்று கேட்க மாட்டார்கள். கண்டக்டர் கொடுக்கும் இலவசச் சீட்டை வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். பரிசோதகர் கேட்பது அதைத்தான். இந்தக் குடும்பத்தில் பாட்டி, அம்மா, மகள் மூவருக்கும் இலவசம். 5 வயதுக்கு உட்பட்ட மகனுக்கும் இலவசம். காசு கொடுப்பது தாத்தாவும் அப்பாவும் மட்டும். குறைந்த கட்டணம் 5 ரூபாய், ஆக ஆறு பேருக்கும் சேர்த்து 10 ரூபாயில் ஒரு பயணம் முடியும். இதற்கு ஈடான டிக்கெட் சென்னையில் வேறு இல்லை.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். அவசரத்தில் டீலக்ஸிலோ ஏசி பஸ்ஸிலோ ஏறிவிட்டால் பெண்களுக்கும் காசு. அல்லது பஸ் வருவதற்கு முன்பே செயலியில் ஆறு டிக்கெட் எடுத்துவிடுவது. இலவசமாகப் போக வேண்டியவர்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டியதாகிவிடும். வெள்ளை போர்டு பஸ்ஸுக்கு ஆண்களை மட்டும் எண்ணுங்கள். 60 வயதானவர்களுக்கான இலவச டோக்கன் சென்னையில் வசிப்பவர்களுக்கு மட்டும். தாத்தாவுக்கு அது கிடைக்காது.

மின்சார ரயில். கடற்கரை, எழும்பூர், மாம்பலம், தாம்பரம், செங்கல்பட்டு தடம். எழும்பூரில் இருந்து மாம்பலம் போக 5 ரூபாய். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டி நான்காவது நிறுத்தம். இறங்கினால் எதிரே ரங்கநாதன் தெரு. மகளுக்கு அரை டிக்கெட் என்றாலும் குறைந்தது 5 ரூபாய்தான். மகனுக்கு வேண்டாம். மொத்தம் 25 ரூபாய். அதே தூரத்துக்கு ஆறு பேர் ஆட்டோவில் போனால் இரண்டு ஆட்டோ பேச வேண்டும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் இதே தடம்தான். தாம்பரம் என்று போர்டு போட்ட வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியில் ஏறினால்தான் வண்டலூர் வரும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.

போனில் எடுப்பதானால் ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பில், நிலையத்துக்கு வெளியே நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். பிளாட்பாரத்துக்கு வந்தபின் முயன்றால் எடுக்க விடாது. பரிசோதகரிடம் ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. முதல் வகுப்புப் பெட்டியில் கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிட்டால் குறைந்தது 250 ரூபாய் அபராதம். பெண்கள் பெட்டியில் அம்மா, பாட்டியோடு 12 வயதுக்குட்பட்ட பையன்கள் ஏறலாம், அப்பாவும் தாத்தாவும் ஏறக் கூடாது. அப்படிப் பிரிந்து ஏறினால் எந்த நிலையத்தில் இறங்குவது என்று பிளாட்பாரத்திலேயே சொல்லி வையுங்கள். காலை 8 முதல் 10 வரை, மாலை 5 முதல் 8 வரை பிள்ளைகளோடு ஏறாமல் இருப்பதே உத்தமம்.

பறக்கும் ரயில் மெரினாவுக்கு உதவும். சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நகர் நிலையத்தில் ஏறித் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கி நடக்கலாம். டிக்கெட் முறை மின்சார ரயில் போலவே.

மெட்ரோ. இங்கே வயதைப் பார்க்க மாட்டார்கள், உயரத்தைப் பார்ப்பார்கள். பெரியவர்களோடு வரும் 90 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு மட்டும் இலவசம். அரை டிக்கெட் என்பதே கிடையாது. நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருப்பார்கள். கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி ஒரு முறை அளந்து பாருங்கள், அடைப்பு வாசலில் தர்க்கம் வராது.

கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. கியூஆர் டிக்கெட்டாகவோ கார்டாகவோ எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. 30 ரூபாய் டிக்கெட் 24 ரூபாய் ஆகும். ஆறு பேருக்கு 180 கொடுக்கும் இடத்தில் 144 போதும். ஒரே போனில் ஆறும் எடுத்தால் ஒவ்வொருவருக்கும் உரிய கியூஆரைத் தள்ளித் தள்ளிக் காட்டி, பிள்ளைகளை முன்னால் விட்டு, போன் வைத்திருப்பவர் கடைசியில் நுழைய வேண்டும். வெளியே வரும்போதும் அதே கியூஆர் வேண்டும். போனில் சார்ஜ் தீர்ந்தால் ஆறு பேரும் உள்ளேயே நிற்க வேண்டியதுதான். பவர் பேங்க் இல்லாவிட்டால் டிக்கெட்டை இரண்டு போனில் பிரித்து எடுங்கள்.

படி 5: கார்டா, பாஸா?

சிங்காரச் சென்னை கார்டு மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் செல்லும். நல்ல கார்டுதான், ஆனால் மெட்ரோவில் ஒரு கார்டு ஒரு ஆளுக்கு மட்டும். தாத்தா தட்டி உள்ளே போன கார்டை வாங்கிப் பாட்டி தட்ட முடியாது. மூன்று நாள் பயணத்துக்கு ஆறு கார்டு வாங்க வேண்டாம். கியூஆரிலேயே அதே தள்ளுபடி கிடைக்கிறது. மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாதப் பாஸும் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் லாபம்.

2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் எடுக்கலாம். வழி தெரியாத ஊரில் எதில் ஏறி எங்கே மாறுவது என்று பார்க்கவும் அது உதவும். வழியை அதில் பாருங்கள். டிக்கெட் எடுக்கும் முன் இடையில் வெள்ளை போர்டு பஸ் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் மெட்ரோவுக்கு மட்டும் தனியாக எடுத்து, பஸ் சீட்டைக் கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் யாராவது ஒரு நாள் பாஸ் எடுக்கச் சொன்னால், அன்று எத்தனை முறை ஏறப் போகிறீர்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பம் ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் பார்ப்பது அரிது. மூன்று, நான்கு தடவைக்கான கியூஆர் கட்டணத்தைக் கூட்டி, பாஸ் விலை அதைவிடக் குறைந்தால் மட்டும் எடுங்கள்.

படி 6: திரும்பும் நாள்

அன்று மதியத்துக்கு மேல் ஊர் சுற்றும் திட்டம் வேண்டாம். எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகம் போன்ற இடத்தை அந்த நாளுக்கு ஒதுக்குங்கள். டிக்கெட்டில் வண்டி கிளம்பும் நிலையம் எழும்பூரா, தாம்பரமா என்று முந்தைய இரவே ஒரு முறை படித்துப் பாருங்கள். அந்தியோதயா போலத் தாம்பரத்தில் இருந்தே கிளம்பும் வண்டிகளும் உண்டு. தாம்பரம் என்றால் மின்சார ரயிலில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஒதுக்கி, பைகளோடு மாலைக் கூட்டத்துக்கு முன்பே ஏறிவிடுங்கள்.