பாதியில் நின்ற பட்டுப் பாவாடை

மகளுக்கு வெட்டிய பட்டுப் பாவாடை சட்டை, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன சமயத்தில் அப்படியே பெட்டிக்குள் போய்விட்டது. மறுபடி எடுத்தபோது அவள் என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். சட்டைக்குக் கைக்குழி வெட்டியாகிவிட்டது, உள்ளே விட்ட தையல் துணியும் அரை அங்குலம்தான். ஒட்டுப் போட்டுப் பெரிதாக்கினால் பார்க்க நன்றாக இராது. சரி, சட்டை வேண்டாம் என்று முடிவெடுத்ததும் மனசு லேசானது.

பாவாடைத் துணியை மட்டும் மீட்டேன். இடுப்புப் பட்டியைப் பிரிக்க, ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு மறுபக்க நூலை மெல்ல இழுத்தால் முழு இழையாக வந்துவிடும். பட்டில் ஊசித் துளை மறையாது, அதனால் அந்த ஓரம் முழுவதையும் உள்மடிப்பில் விட்டேன். குண்டூசி துருப்பிடித்துக் கறையான இடத்தை வெட்டி எடுத்தேன். எலுமிச்சை தேய்க்கச் சொல்வார்கள். பட்டுக்கு அது வேண்டாம், சாயம் வெளுக்கலாம். மேலே பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி. அப்புறம் மெல்லிய துணிக்கான 11ஆம் நம்பர் ஊசியில் ஓரம் அடித்தேன். ஒரு பக்கம் சரிகைக் கரையோடு நீளமான துப்பட்டா கிடைத்தது. சட்டைத் துண்டுகளில் ஒரு சுருக்குப்பை தேறும்.