வானுக்குள் குடியேறிய மணம்: துரத்தப் போய் நாம் விடும் தவறுகள்

வன்னியில் ஒரு வான் ஒரே வேலைக்கு ஓடுவது குறைவு. விடியக்காலையில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வான், பின்னேரம் முல்லைத்தீவுக் கரையில் மீன்பெட்டி ஏற்றும், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பானை, விறகு, ஆட்கள் எல்லாரையும் கொண்டு போகும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்குப் பாயும் சமையல் சட்டியுமாகக் குடும்பத்தோடு போய் நிற்கும். இவ்வளவும் செய்கிற வானுக்குள் மணம் வரத்தான் செய்யும். வந்ததை எடுக்கலாம். ஆனால் நாங்கள் முதல் நாள் அவசரத்தில் செய்கிற சில வேலைகள்தான் சின்ன மணத்தை மாதக்கணக்காக உட்கார வைக்கின்றன.

முதலாவது, வாசனைப் போத்தல். மணம் வந்தவுடனே கடைக்குப் போய் மல்லிகையோ எலுமிச்சையோ ஒரு ஸ்பிரே வாங்கி அடிக்கிறோம், கண்ணாடியில் ஒரு அட்டையும் தொங்கவிடுகிறோம். மணத்தைக் கொடுக்கிற பொருள் அங்கேயேதான் இருக்கும், அதற்கு மேலே இன்னொரு மணம் ஏறும், அவ்வளவுதான். நல்ல உடம்புக்காரர் சகித்துக்கொள்வார். கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணிக்கும், வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனைக்குப் போகிற அம்மம்மாவுக்கும் பூஞ்சண மணமும் மல்லிகையும் சேர்ந்து வந்தால் பரந்தன் தாண்டுவதற்குள் தலை சுற்றும். பிறகு சத்தி. அந்தச் சத்தியே அடுத்த மணம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சாம்பிராணி போடுவதும் நல்லதல்ல. புகையிலுள்ள பிசின் கூரைத் துணியிலும் சீற் துணியிலும் படியும், வெயில் ஏறினால் அதுவும் சேர்ந்து மணக்கும்.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு: மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே முழு வானையும் தண்ணீர் விட்டுக் கழுவுவது. பாதி மணங்களுக்குக் காரணமே ஈரம், அதற்கு மேல் இன்னும் ஈரத்தைக் கொடுத்தால் எப்படிப் போகும்? எனவே வாளியைத் தூக்குவதற்கு முன் மூக்கைக் கொண்டு வேலை செய்யுங்கள். வானைக் காலையிலிருந்து மத்தியானம் வரை வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டி விடுங்கள், சூடு ஏற ஏற மணம் கிளம்பும். பிறகு ஒரு கதவை மட்டும் திறந்து முகத்தை உள்ளே விட்டு முதல் மூச்சிலேயே பாருங்கள், சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கதவு. முன்பக்கமா, நடுவா, டிக்கிப் பக்கமா என்பது அதிலேயே பெரும்பாலும் பிடிபடும். இடம் ஓரளவு தெரிந்த பிறகு, சந்தேகமான சீற்றையும் கார்ப்பெற்றையும் தனித்தனியாகப் பொலித்தீன் துண்டால் மூடி ஓரத்தை ரேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டுத் திறந்து மணந்து பாருங்கள். குற்றவாளி இருக்கிற பொலித்தீனுக்குள் மணம் திரண்டு நிற்கும், மற்றதுகளில் நிற்காது. செலவில்லாத வேலை, ஆனால் ஆட்கள் செய்வதில்லை.

மணம் எப்போது வருகிறது என்பதும் ஒரு சாட்சி. ஏசி போட்ட முதல் நிமிடம் மட்டும் வந்து பிறகு குறைந்தால் குளிரூட்டும் கொயிலைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் வந்தால் எங்கேயோ ஒழுக்கு. மத்தியான வெயிலில் மட்டும் வந்தால் துணியிலோ ஸ்பஞ்சிலோ ஊறினது. ஓடும்போது மட்டும் வந்தால் அது கழுவுகிற விஷயமே அல்ல, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் புழுதிக்கு இதுதான் அதிகம். டாஷ்போட்டுக்குள் இருக்கிற கொயில் குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கும், அந்தத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வானுக்குக் கீழே சொட்டும். கிறவல் ஒழுங்கைப் புழுதி அந்த ஈரக் கொயிலில் ஒட்டிக்கொண்டால் பூஞ்சணமும் பக்டீரியாவும் வளர அது போதும். குழாய் அடைத்துவிட்டால் தண்ணீர் வெளியே போகாமல் முன்சீற்காரரின் கால்மாட்டுக்கு வரும். குளவி மண் கொண்டுவந்து வாயை அடைத்துவிடுவதும் உண்டு. புழுக்கமான நாளில் ஏசி போட்டு நிறுத்தி வைத்த வானுக்குக் கீழே குனிந்து பாருங்கள், கொஞ்ச நேரத்தில் சொட்டவில்லை என்றால் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின்னாலும் தனி ஏசி இருக்கிற வான்களில் பின் கொயிலுக்கும் தனிக் குழாய் இருக்கிறது. முன்னதைத் துப்புரவாக்கிவிட்டுப் பின்னதை மறந்துவிட்டு மணம் போகவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர்.

இங்கே விடுகிற தவறு, ஏசி வாய்க்குள் வாசனை ஸ்பிரே அடிப்பது. அது கொயிலில் ஒட்டிப் புழுதியை இன்னும் நன்றாகப் பிடிக்கும். குளோரின் கலந்த தண்ணீர் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், கொயில் அலுமினியம், அரித்துவிடும். கொயில் கழுவுவதற்கென்றே நுரை மருந்து விற்கிறது, அதைப் பாவியுங்கள். ஊத்தை கட்டியாகப் படிந்திருந்தால் ஏசி வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் காஸை முறையாக எடுத்துவிட்டு, கொயிலைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். பில்டர் உள்ள வான் என்றால் அதைத் தட்டித் தட்டித் திரும்பப் போடாமல் புதிதாக மாற்றுங்கள். அப்புறம் ஒரு பழக்கம்: வீடு வந்து சேர்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் குளிரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் கொயில் காய்ந்துவிடும். நாள் முழுக்க உள்காற்றையே சுற்ற விடாமல் இடையிடையே வெளிக்காற்றையும் எடுங்கள்.

இனித் தரை. றப்பர் மெற்றைத் தூக்கிக் கார்ப்பெற்றைத் தொட்டுப் பார்த்து “காய்ந்துவிட்டது” என்று முடிவு செய்வது மிகப் பொதுவான தவறு. மேலே இருப்பது மெல்லிய துணி. அதற்குக் கீழே பஞ்சு அமுக்கினதுபோல் ஒரு தடித்த விரிப்பு இருக்கிறது, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டிருப்பது அதுதான். கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றி, கார்ப்பெற்றின் மூலையைத் தூக்கி, அந்த விரிப்பை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மேலே மொறுமொறுவென்று இருக்கும், கீழே விரலுக்கிடையில் கறுத்த தண்ணீர் வரும். ஈரம் நின்றால் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், எனவே மாரியில் “நாளைக்கு வெயில் வரும், பார்ப்போம்” என்று விட்டால் பிறகு துடைக்கிற வேலை இல்லை, மாற்றுகிற வேலைதான். சீற்றைக் கழற்றி, கார்ப்பெற்றையும் விரிப்பையும் வெளியே எடுத்துக் கொடியில் போட்டுக் காயவைப்பதே சரியான வழி. வெட்கப்படாமல் எல்லாவற்றையும் கழற்றுங்கள், தகரம் தெரியட்டும். விரிப்பு கறுத்துப் போயிருந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

காயவைத்து முடித்தவுடன் திரும்பப் பூட்டிவிடவும் கூடாது. தண்ணீர் எங்கால் வந்தது? கதவு றப்பரைச் சோதிக்க ஒரு கடதாசியைக் கதவுக்கிடையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள், இறுக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் றப்பர் செத்துவிட்டது. பிறகு ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் வெளியிலிருந்து ஹோஸால் கீழேயிருந்து மெல்ல மெல்ல மேலே தண்ணீர் விட வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. முன்கண்ணாடி றப்பர், பின் லைற் பொருத்தின இடம், கூரையில் சாமான் கட்டுகிற கரியருக்குப் போட்ட போல்ற் ஓட்டைகள், இவைதான் வழக்கமான ஆட்கள். கலர் லைற்றுக்கும் ஏரியலுக்கும் பிறகு போட்ட ஓட்டைகளையும் மறக்க வேண்டாம்.

பழைய வான் வாங்குபவர்களுக்கும் இது உதவும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் எவ்வளவு விரைவாக ஏறும் என்று. வெள்ளத்தில் நின்ற வாகனத்தைப் பளபளவென்று மினுக்கி விற்கலாம், ஆனால் சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும், மணமும் அங்கேதான் இருக்கும். சொல்லப்போனால், வெள்ளம் பார்க்காத வானிலும் பெல்ற்றை முழுக்க இழுத்துக் கழுவுபவர்கள் குறைவு. எத்தனை பேரின் வியர்வையும் சத்தியும் அந்தப் பட்டியில் இருக்கிறது!

எந்த மணத்துக்கு எந்த மருந்து என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைப் போடுவது அடுத்த தவறு, இதில் நியாயம் கொஞ்சம் விளங்கினால் பிறகு தவறு வராது. மீன் வெடுக்குக்குக் காரணம் ட்ரைமெத்திலமைன் என்கிற காரத் தன்மையுள்ள பொருள். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறும், மணம் அடங்கும். வீட்டில் மீனைத் தேசிக்காய்ப் புளியோ பழப்புளியோ விட்டுக் கழுவுவது இதற்காகத்தான். ஆகவே மீன்பெட்டித் தண்ணீர் சிந்தின இடத்துக்கு வினாகிரியைச் சரிபாதி தண்ணீரில் கலந்து பூசி, ஊறவிட்டு, ஒற்றி எடுக்க வேண்டும். அப்பச்சோடாவும் காரம்தான், மீனுக்கு அதைப் போட்டுப் பயனில்லை. பாலும் தயிரும் சிந்திப் புளித்த மணமும் சத்தி மணமும் நேர்மாறு, அங்கே இருப்பது பியூட்டிரிக் அமிலம் போன்றவை. அப்பச்சோடா அங்கேதான் வேலை செய்யும்: முதலில் கட்டியை வழித்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரால் துடைத்து, பிறகு சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டுக் காலையில் வக்கியூமால் இழுங்கள்.

குளிர்ந்த தண்ணீர் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். பால், இரத்தம், முட்டை, மீன் நீர் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, சுடுதண்ணீர் விட்டால் அது இறுகித் துணி நாரோடு பிடித்துக்கொள்ளும். சவர்க்காரத் தூளையும் அள்ளிப் போட வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் வன்தண்ணீர், சவர்க்காரம் முழுதாக நுரைத்துக் கழுவுப்படாமல் படையாகச் சீற்றில் தங்கி ஊத்தையைப் பிடிக்கும். சத்தி, சிறுநீர் போன்றவற்றுக்கு நொதியம் (என்சைம்) சேர்ந்த கழுவு திரவங்கள் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் அடித்தவுடன் துடைத்துவிடக் கூடாது, போத்தலில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும், கிருமிநாசினியோடு கலந்தால் நொதியம் செத்துவிடும்.

இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குளோரின் ப்ளீச்சையும் வினாகிரியையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டாம், குளோரின் வாயு வரும். சிறுநீர் ஊறின இடத்துக்கு ப்ளீச் ஊற்றினாலும் நச்சு வாயு வரும். வீட்டு முற்றத்தில் காற்று இருக்கிறது, வானுக்குள் இல்லை. எல்லாக் கதவையும் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும், பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம்.

சிரட்டைக்கரி கட்டித் தொங்கவிடுகிறார்கள். அடுப்புக் கரி பெரிதாக ஒன்றும் உறிஞ்சாது. அதே சிரட்டையிலிருந்து செய்கிற கிளர்வூட்டிய கரி (அக்டிவேட்டட் காபன்) உறிஞ்சும், ஆனால் மூலத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற கொஞ்ச மணத்துக்குத்தான்.

காலபோக அறுவடை முடிந்து நெல்லு மூட்டை ஏற்றி இறக்கின வானில் இனிப்பும் அழுகலும் கலந்த மணம் வந்தால் எலியை நினையுங்கள். நஞ்சு வைப்பதுதான் இங்கே தவறு. நஞ்சு தின்ற எலி வெளியே போய்ச் சாகும் என்பது நம்பிக்கை மட்டும், அது டாஷ்போட்டுக்குள்ளோ கூரைத் துணிக்கு மேலேயோ போய்ச் செத்தால் அரை வானைக் கழற்ற வேண்டும். பொறி வையுங்கள். செத்த எலியையும் புழுக்கையையும் எடுக்கும்போது வெறுங்கை வேண்டாம், எலிக்காய்ச்சல் எங்கள் வயல் பக்கத்தில் உயிர் எடுக்கிற நோய். காய்ந்த புழுக்கையைத் தும்புத்தடியால் கூட்டினால் தூசி மூக்குக்குள் போகும், கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டுக் கையுறையோடு துடைத்தெடுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயம். ஓடும்போது புகை மணம் வந்தால் துணிகளைத் துவைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பின்கதவு றப்பர் போயிருந்தாலோ பின்கதவைக் கொஞ்சம் திறந்து கட்டிக்கொண்டு ஓடினாலோ சைலன்சர் புகை உள்ளே இழுபடும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமே கிடையாது, பின்சீற்றில் நித்திரையாக இருக்கிறவர்கள் எழும்பாமலே போகலாம். டீசல் மணம் ஒழுக்கு. கூழ்முட்டை மணம் வந்தால், பற்றரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். பாகு காய்ச்சுவதுபோல் இனித்த மணம் வந்து கண்ணாடி பிசுபிசுத்தால் கூலன்ட் ஒழுகுகிறது. இந்த நான்குக்கும் கராஜ்தான், அன்றைக்கே.

எல்லாம் முடிந்து மணம் போய்விட்டதா என்று வானின் சொந்தக்காரர் தானே பார்ப்பதில் பயனில்லை, நாள் முழுக்க அதற்குள் இருக்கிறவரின் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். மறுபடி ஒருமுறை மத்தியான வெயிலில் பூட்டி வைத்துவிட்டு, அந்த வானில் ஏறாத ஒருவரைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மாரி தொடங்கி முதல் பெருமழை பெய்த மறுநாளும் கார்ப்பெற்றின் மூலையைத் தூக்கி அந்த விரிப்பை நசுக்கிப் பாருங்கள், ஒழுக்கு உண்மையாகவே அடைபட்டதா என்று அப்போதுதான் தெரியும்.